வீட்டு ஆளைக் கூட்டி வரச் சொன்னவர்

இன்னாசி சார் இறந்த செய்தி வந்தபோது நான் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். முதுகில் பை, பை நிறையத் தண்ணீர் பாட்டில்கள். மலைக்குப் போகிறவன் வெறும் கையோடு படி ஏறினால் அது பயிற்சியே இல்லை என்பது சாருடைய சட்டம். கனமாக ஏற வேண்டும், உச்சியில் தண்ணீரை ஏதாவது செடிக்கு ஊற்ற வேண்டும், முழங்காலுக்கு வலிக்காமல் காலிப் பையோடு இறங்க வேண்டும். சித்திரை வெயில் காலை ஏழு மணிக்கே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. போனில் பரவை ராசாங்கம் பேசினார். பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர், எங்கள் மலையேற்றக் கூட்டாளி.

"அண்ணே, சார் நம்மள விட்டுட்டாருண்ணே" என்றார். பிறகு அழுகைதான் கேட்டது.

நான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். கீழே இறங்கி வண்டியை எடுத்திருக்க வேண்டும். ஆனாலும் மொட்டை மாடி வரை ஏறி, பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து, என் மனைவி செல்வியின் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றினேன். தொட்டி நிரம்பி வழிந்து தரையெல்லாம் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்னாசிமுத்து சார் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தவர். இளம் வயதில் வடக்கே போய் மலையேற்றப் பயிற்சி பெற்றார். அதற்குப் பிறகு கோடை விடுமுறை வந்தால் அவரை ஊரில் பார்க்க முடியாது. ஓய்வு பெற்றதும் எங்களைப் போன்ற சாதாரண ஆட்களை இமயமலைக்குக் கூட்டிப்போகும் வேலையைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். லடாக்கில் தோர்ஜே என்று ஒரு வழிகாட்டி அவருக்குப் பல வருடப் பழக்கம். கயிறு, கூடாரம், குதிரை, சமையல் எல்லாம் தோர்ஜே பொறுப்பு. ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும் தயார்செய்வதும் சார் பொறுப்பு. "மலையில தோர்ஜே சொல்றதுதான். மதுரையில நான் சொல்றதுதான்" என்பார். மலையிலும் அவர் சொல்வதைத்தான் தோர்ஜே கேட்டார் என்பதை நான் பிறகு பார்த்தேன்.

அவரை நான் முதலில் பார்த்தது ரேஸ்கோர்ஸ் மைதானத்தில். தல்லாகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வளர்த்த தொப்பையைக் கரைக்கச் சொல்லி டாக்டர் என்னை அங்கே அனுப்பியிருந்தார். நான் நடந்துகொண்டிருந்தேன். நடந்தேன் என்று சொல்வதும் மிகைதான். அங்கே பார்வையாளர் படிக்கட்டில் ஒல்லியான ஒரு மனிதர், முதுகில் தலைக்கு மேல் உயர்ந்த பையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், வீட்ல கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டீங்களா?" என்றேன்.

"கோவிச்சுக்க வீட்ல ஆள் இல்ல. இமயமலைக்குப் போறேன். வாரீங்களா?" என்றார்.

அவர் கேலி செய்கிறார் என்று நினைத்து, வாரேன் என்றேன். மறுநாள் காலை எனக்கு ஒரு பையை எடுத்து வந்துவிட்டார். என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் சொன்ன ஒரே வார்த்தை அது. கல்யாணத்துக்குக்கூட ஒரு மாதம் யோசித்தேன்.

வாரக் கடைசியில் நாகமலைக்குக் கூட்டிப்போவார். முள்ளும் பாறையுமான அந்த வரப்பு மலையில் வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்க வேண்டும். நான் மூச்சிரைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ஊக்கமாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். "நல்லா இரையுங்க. அவசரம் இல்ல" என்பார். எல்லாவற்றுக்கும் சண்டை போடுவார் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். காலுறை பருத்தியா கம்பளியா என்பதில் ஒரு சண்டை. சாப்பாட்டுக்கு நான் கொண்டுவந்த புளியோதரையில் ஒரு சண்டை. நாம் என்ன சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "அதெப்படி?" என்ற வார்த்தைதான். பள்ளிக்கூடத்திலும் அவருக்கு 'அதெப்படி சார்' என்றுதான் பெயர் என்று அவரிடம் படித்த பையன்கள் பிற்பாடு சொன்னார்கள்.

பயணத்தைத் திட்டமிடும் கூட்டம் தல்லாகுளத்தில் அவர் குடியிருந்த மாடி போர்ஷனில் நடக்கும். அதற்கு ஒரு விசித்திரமான நிபந்தனை உண்டு. வருகிறவர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வர வேண்டும். மனைவி, கணவர், அம்மா, மகள், யாராக இருந்தாலும் சரி. கூட வாழ்கிற ஆளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் அனுமதி வாங்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து, செல்வியிடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டச் சொல்லித்தான் கூட்டிப்போனேன். அவர் அனுமதியைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இவருக்கு முடியலைன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எல்லோரும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. "மேல போனா எல்லாரும் பொய் சொல்லுவாய்ங்க" என்றார். "தலை வலிக்கும், வாந்தி வரும், நல்லாருக்கேன்னுதான் சொல்லுவாய்ங்க. லீவு போட்டு வந்தாச்சு, ஊரெல்லாம் சொல்லியாச்சு, இனி எப்படித் திரும்புறதுன்னு ஒரு ரோசம். காத்து கம்மியா இருக்குற எடத்துல அந்தப் பொய்தான் ஆளைக் கொல்லும். அது எப்படி இருக்கும்னு வீட்ல இருக்கவங்களுக்குத்தான் தெரியும். அதான் கேக்குறேன்."

ராசாங்கத்தின் மனைவி முதலில் பதில் சொன்னார். "இவருக்குக் காய்ச்சல் வந்தா ரெண்டாந்தடவை சோறு கேப்பாரு சார். நல்லாருக்கேன்னு காட்டுறாராம்." ராசாங்கம் கூரையைப் பார்த்தார். அடுத்து செல்வியின் முறை. அவள் யோசிக்கவே இல்லை.

"இவரு ஜோக்கடிப்பாரு சார். சாதாரணமாவே அடிப்பாரு. முடியலைன்னா நிறுத்தவே மாட்டாரு. எங்க மாமனாரை ஆஸ்பத்திரியில வச்சிருந்தப்ப நர்ஸம்மா எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து மயங்கி விழுந்துட்டாரு."

சார் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. தலையை மட்டும் அசைத்தார். பிறகு செல்வி கேட்டாள். "உங்க வீட்டு ஆள் யாரு சார்?"

"எனக்கு நானே வீட்டு ஆளு" என்றார் சார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. கொட்டாம்பட்டிப் பக்கம் கிராமத்தில் ஒரு அக்கா மட்டும் இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

"அது எப்படி சார் கணக்காகும்?" என்றாள் செல்வி. அவர் பேச்சைக் காலுறைக்குத் திருப்பிவிட்டார். நாங்களும் திரும்பிவிட்டோம்.

அந்த முறை நாங்கள் குறிவைத்தது மர்க்கா பள்ளத்தாக்குக்கு மேலே நிற்கும் காங் யாட்சே என்ற பனிச்சிகரத்தை. அதில் இரண்டு உச்சிகள் உண்டு, எங்களைப் போன்றவர்களுக்கு அவற்றில் எளியது. சார் எத்தனையோ மலைகளுக்குப் போனவர், அந்த உச்சியில் மட்டும் நின்றதில்லை. ஒருமுறை பனிப்புயல், ஒருமுறை கூட வந்தவருக்குக் கால் முறிவு. அடிவாரத்திலிருந்தே இரண்டு முறை திரும்பியிருந்தார். அதில் நின்றுவிட்டால் மூட்டையைக் கட்டிவிடுவேன் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்.

லடாக்கின் லே நகரில் விமானம் இறங்கியதும் விடுதியில் சும்மா படுத்துக் கிடக்க வேண்டும் என்பது திட்டம். உடம்பு அந்த உயரத்துக்குப் பழக வேண்டும். "மலை ஏறுறதுலயே கஷ்டமான வேலை இதுதான்" என்றார் சார். மதுரைக்காரனுக்கு இது புரியுமா? அவ்வளவு தூரம் போய்விட்டு அறையில் படுத்துக் கிடப்பதா? எங்களைத் தெரிந்தவர் ஆதலால், எல்லாருடைய ஷூவையும் வாங்கித் தன் அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். ராசாங்கம் விடுதியின் குளியலறைச் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், வீட்டுக்கு ஒரு சால்வையும் தனக்கு ஒரு தலைவலியும் வாங்கி வந்தார். அன்று இரவு அவர் இரண்டாந்தடவை சோறு கேட்டதும், சார் ஒன்றும் பேசாமல் இன்னொரு நாள் ஓய்வு என்று அறிவித்துவிட்டார். சண்டை போட்டோம். ஒரு நிமிடம்கூட அவர் இறங்கி வரவில்லை.

பள்ளத்தாக்கில் நடந்து, ஆறுகளைக் கடந்து, அடிவார முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் பகலில் தோர்ஜே பனிச்சரிவில் முள்காலணியோடு நடக்கவும், கயிற்றில் ஒருவரோடொருவர் இணைந்து நகரவும் பழக்கினார். அன்று இரவே உச்சிக்குப் புறப்பாடு. சாயங்காலம் சமையல் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் நல்ல உற்சாகத்தில் இருந்தேன். எங்கள் அலுவலக மேலாளரை இந்தப் பனியில் உட்கார வைத்தால் கோப்பு எப்படி நகரும் என்று நடித்துக் காட்டினேன். குதிரைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அவரும் சிரித்தார். ராசாங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுந்தர், தலை வலிக்குதா?"

"இல்ல சார்" என்று சொல்லி இன்னொரு ஜோக் அடித்தேன். அவர் எழுந்து போய் தோர்ஜேயைக் கூட்டி வந்தார். ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் ஒரு கருவியை என் விரலில் மாட்டினார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே நான் கீழே இறங்கியாக வேண்டும் என்றார் சார்.

நான் கத்தினேன். ஒரு பொம்பள சொன்ன பேச்சைக் கேட்டு என் உச்சியைப் பறிக்கிறீர்கள் என்றேன். அதைச் செல்வி அறிவாள், அதற்கான தண்டனையையும் கொடுத்து முடித்துவிட்டாள். சார் என் பையைத் தான் எடுத்து மாட்டிக்கொண்டார். "சண்டை போடுங்க. கீழ போய் நல்லாப் போடுங்க" என்றார். உதவியாளர் ஒருவரோடு அவரும் கூட இறங்கத் தொடங்கியபோதுதான், அவர் என்னோடு வருகிறார் என்றே எனக்கு உறைத்தது. பாதி வழியில் வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு நேராக நடக்க முடியவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணி போட்டவன் மாதிரி இறங்கினேன். கீழே கிராமத்தில் ஒரு வீட்டில் படுக்க வைத்தார்கள். சார் உட்கார்ந்தே தூங்கிக்கொண்டு எனக்குக் காவல் இருந்தார்.

மறுநாள் ராசாங்கம் உச்சியில் நின்றுவிட்டு வந்து சேர்ந்தார். சார் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என்னிடம், "நமக்குப் பாக்கி இருக்கு சுந்தர். சேர்ந்து வருவோம்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். இருந்திருக்க வேண்டும். மூன்றாவது முறையாகத் திரும்பியிருக்கிறார், மனிதர்தானே.

அந்தப் பாக்கிக்காகத்தான் இந்த வருடம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். கடைசிக் கூட்டம் பங்குனிக் கடைசியில் நடந்தது. மின்விசிறி அனல் காற்றை வீசிக்கொண்டிருந்தது. சார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ராசாங்கத்துக்கு ஊர் திரும்பியதும் சொந்தத்தில் ஒரு கல்யாணம். தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"சார், லேயில படுத்துக் கெடக்குறதுல ஒரு நாளைக் கொறைச்சுக்கலாமா? போன தடவைதான் பழகிருச்சே."

நாங்கள் இடிக்குத் தயாராகி உட்கார்ந்தோம்.

"சரி. கொறைச்சுக்கலாம்" என்றார் சார்.

ராசாங்கத்துக்கே நம்பிக்கை வரவில்லை. துணிச்சல் வந்து, காலுறை பருத்தியில் வாங்கிக்கொள்ளட்டுமா என்றும் கேட்டுப் பார்த்தார். அதற்கும் சரி என்றார். நான் என் பங்குக்குப் புளியோதரையைக் கேட்டேன். சரி என்றார். படி இறங்கும்போது எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அண்ணே, சார் மனுஷனாயிட்டாருண்ணே" என்றார் ராசாங்கம். தெருமுனைக் கடையில் சந்தோஷமாக வடை தின்றோம்.

சில நாள் கழித்து, காலையில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடப்பதைப் பார்த்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். சார் தூக்கத்திலேயே போயிருந்தார். இருதயம் என்றார் டாக்டர். சில வாரங்களாகவே தொந்தரவு இருந்திருக்கும் என்றார்.

ஏழாம் நாள் பூசை முடிந்த பிறகு அவருடைய அக்கா பாக்கியம் அந்த மாடி போர்ஷனைக் காலி செய்ய வந்திருந்தார். நாங்கள் ஒத்தாசைக்குப் போனோம். சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கயிறுகள், பைகள், வரிசையாக ஷூக்கள். அக்கா களைத்துப்போய்ச் சுவரோரம், சார் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்தார். செல்வி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, எதற்கென்று தெரியவில்லை, கேட்டாள்.

"அக்கா, சாருக்கு முடியலைன்னா எப்படித் தெரியும்?"

"இன்னாசிக்கா?" என்று அக்கா லேசாகச் சிரித்தார். "அவன் பொறந்ததுல இருந்தே சண்டைக்காரப் பயலாச்சே. எதைச் சொன்னாலும் அதெப்படிம்பான். முடியலைன்னா மட்டும் எல்லாத்துக்கும் சரிம்பான். அம்மை போட்டுக் கெடந்தப்ப கஞ்சி குடிடான்னா சரி, வேணாம்டான்னா அதுக்கும் சரி. அவன் வாயில சரின்னு வந்தாலே எங்கம்மா ஓடிவந்து நெத்தியைத் தொட்டுப் பாக்கும்."

ராசாங்கம் கட்டிக்கொண்டிருந்த மூட்டையை அப்படியே விட்டுவிட்டார். அக்கா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா? என்னப்பா?" என்று கேட்டார். செல்விதான் அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிவில், "எங்கிட்ட யாரும் கேக்கலையேப்பா. பஸ் ஏறுனா ஒரு மணி நேரம். வந்திருப்பேனே" என்றார்.

எனக்குச் சார் மேல்தான் கோபம். இப்போதும் இருக்கிறது. ஊரில் உள்ளவர்கள் வீட்டு ஆளையெல்லாம் படி ஏற வைத்து விசாரித்த மனிதர், தன் அக்காவை ஒரு நாள் பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருக்கக் கூடாதா? எனக்கு நானே வீட்டு ஆள் என்றால் என்ன அர்த்தம்? தன்னைத் தானே நெற்றியில் தொட்டுப் பார்த்துக்கொள்வாரா? அவர் இருந்தால் இதை வைத்து ஒரு நல்ல சண்டை போடலாம். எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

பயணம் உண்டா இல்லையா என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். எனக்கு எதையும் முடிவு செய்யத் தெம்பு இல்லை. ஷூவின் நாடாவைக் கட்டக்கூட அலுப்பாக இருந்தது. தோர்ஜேக்குச் செய்தி சொன்னேன். அந்த மலையில் சாருக்குப் பதில் நீங்களாவது நில்லுங்கள் என்ற பொருளில் தன் இந்தியில் என்னவோ சொன்னார். போவது என்று முடிவாயிற்று. அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. உடம்பு முடியாத மனிதர் சொன்ன 'சரி'யை வைத்துக்கொண்டு மலைக்குப் போக முடியாது. லேயில் குறைத்த நாளைத் திரும்பச் சேர்க்க வேண்டும். ராசாங்கத்தை வரச் சொல்லி, கல்யாணம் இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், முழு ஓய்வும் எடுத்தே தீர வேண்டும் என்று சாரைப் போலவே குரலை உயர்த்தினேன்.

"சரிண்ணே" என்றார் ராசாங்கம்.

"ஏன்டா உடனே சரிங்குற? உடம்புக்கு என்ன?" என்றேன். ஒன்றும் இல்லை, நல்லா இருக்கேன் என்று சத்தியம் செய்தார். நம்பாமல் அவர் மனைவிக்குப் போன் போட்டு, மதியம் இரண்டாந்தடவை சோறு கேட்டாரா என்று விசாரித்த பிறகுதான் விட்டேன். இந்த முறை கூட்டத்துக்கு அக்காவும் வந்தார். வீட்டு ஆட்கள் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். போகும்போது சாருடைய பையை என்னிடம் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு நாகமலை ஏறினோம். மேலே பாறை இடுக்கில் ஒரு வேப்பங்கன்று நிற்கிறது. சார் எப்போதும் அதற்குத்தான் ஊற்றுவார். சில வாரங்களாகத் தண்ணீர் இல்லாமல் இலை வாடியிருந்தது. ராசாங்கமும் நானும் பையைக் காலி செய்துவிட்டு இறங்கினோம். இறங்கும்போது நான் பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. ராசாங்கம் சிரித்துக்கொண்டே வந்தார்.

அன்றே உட்கார்ந்து, சாருக்கு அஞ்சலியாக இதை எழுதி முடித்து, பிழை பார்க்கச் செல்வியிடம் கொடுத்தேன். தொப்பை வந்த இடத்தில் அவள் சிரிக்கவில்லை. குளியலறைச் செருப்பு வந்த இடத்திலும் சிரிக்கவில்லை. முழுக்கப் படித்து, தாள்களை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்னங்க இது, அஞ்சலின்னு சொல்லிட்டு இம்புட்டு ஜோக்கு எழுதியிருக்கீங்க" என்றாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "முடியலையா?" என்று கேட்டாள்.

ஆமாம் சார், முடியலை. நீங்கள் போய் வாருங்கள். நாங்கள் மெதுவாக வருகிறோம்.